வசூலாகும் என்று எழுதினேன்

என் கணவர் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் வரி வசூலிக்கும் வேலையில் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் வசூல் முடிந்து திரும்பும்போது ஜீப் கவிழ்ந்து இறந்துபோனார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக நடந்த பிறகு உத்தரவு வந்தது. அதில் இருந்த ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு என் மாமியார் அழுதார். மாவட்டத்தின் இன்னொரு மூலை அது. கூடலூர் தாண்டி, பந்தலூர்ப் பக்கம், கேரள எல்லைக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி. பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்து. இருவரையும் கூட்டிக்கொண்டு, இரண்டு தகரப் பெட்டிகளோடு பஸ் ஏறினேன்.

பேரூராட்சி ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்தது. தகரக் கூரை. மழை பிடித்தால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஆடி மாதம் முழுக்க நாங்கள் சைகையில்தான் வேலை பார்த்தோம். நான் பி.காம். படித்திருந்ததால் கணக்குப் பிரிவில் உட்கார வைத்தார்கள். தகுதிகாண் பருவம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அது முடியும்வரை யார் முகமும் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் என் நினைப்பாக இருந்தது.

பட்ஜெட் என்றால் டெல்லியில் பெட்டியோடு வந்து வாசிப்பது என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். எங்கள் ஊருக்கும் ஒன்று உண்டு, அதைத் தயாரிக்க வேண்டியது நான்தான் என்று தெரிந்தபோது மார்கழிக் குளிரிலும் வியர்த்தது. பழைய கோப்புகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கம் வரவு: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் குத்தகை, பஸ் ஸ்டாண்டுக் கடைகளின் வாடகை, அரசாங்கம் அனுப்பும் மானியம். மறுபக்கம் செலவு: சம்பளம், தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கரண்ட் பில், குப்பை வண்டிக்கு டீசல், உடைந்த பைப், இடிந்த சிறுபாலம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பத்திகள். போன வருடம் நிஜமாக வந்தது, போனது ஒரு பத்தி. இந்த வருடம் டிசம்பர் வரை நடந்ததோடு மீதி மூன்று மாதத்துக்கு உத்தேசமாகச் சேர்த்து இரண்டாவது பத்தி. வரும் வருடம் என்ன வரும், என்ன போகும் என்பது மூன்றாவது. முதல் பத்தியில் பொய் எழுத முடியாது. இரண்டாவதில் கொஞ்சம் எழுதலாம். மூன்றாவது முழுக்க எழுதுகிறவர் கையில் இருந்தது.

முதல் வருடம் நான் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிக் கூட்டினேன். செலவு வரவைத் தாண்டிப் போனது. செயல் அலுவலரிடம் கொண்டு போனேன். அவர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, இப்படித் துண்டு விழுந்த பட்ஜெட்ட மன்றத்துல வைக்க முடியுங்களா? மேலாபீஸ்ல இருந்து திருப்பி அனுப்பிப்போடுவாங்க.”

எதைக் குறைப்பது என்று கேட்டேன். அவர் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. நிலுவைப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். அதில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஊருக்கு வடக்கே இருந்த பெரிய தேயிலை எஸ்டேட்டின் பக்கம் அது. ஃபாக்டரிக்கும் பங்களாக்களுக்கும் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் சேர்த்து எஸ்டேட்தான் வரி கட்டிவந்தது. நான் வருவதற்குச் சில வருடங்கள் முன்பே அது மூடப்பட்டுவிட்டது. முதலாளிகள் எங்கோ தூரத்து நகரத்தில் இருந்தார்கள். பங்காளிகளுக்குள் வழக்கு. அன்றிலிருந்து ஒரு பைசா வரி வரவில்லை. பதிவேட்டில் மட்டும் நிலுவை ஏறிக்கொண்டே போனது.

“இத வரவுல சேருங்க. துண்டு சரியாப் போயிரும்.”

“அவங்க கட்ட மாட்டாங்களே சார்.”

“நிலுவைங்கறது வரவேண்டிய காசுதானுங்கம்மா. வரவேண்டியத வரும்னு எழுதறதுல தப்பென்னங்க? போன வருசம் எழுதினதும் அப்படித்தான், அதுக்கு முந்தின வருசமும் அப்படித்தான்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. தணிக்கைக்குப் பயந்தவர். மன்றத்துக்கும் மேலாபீசுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிப் பழகியவர். நான் மேஜைக்குத் திரும்பி வந்து மூன்றாவது பத்தியில் அந்தத் தொகையை எழுதினேன். வரவும் செலவும் சமமாகி, கையிருப்பாகக் கொஞ்சம் மிச்சமும் விழுந்தது. பார்க்க அழகாக இருந்தது.

அந்த எஸ்டேட் லைன்கள் இருந்த வார்டு அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து ஜெயித்து வந்த அக்கா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். சின்னப் பெண்ணாக இருக்கும்போது சிலோனில் இருந்து குடும்பத்தோடு வந்தவர். எஸ்டேட் மூடிய பிறகு பக்கத்துச் சின்னத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். மன்றக் கூட்டத்துக்கு வரும் நாளில் கூலி போய்விடும். ஆனாலும் ஒரு கூட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. நாங்கள் லைன் என்று சொல்வதை அவர் லயம் என்பார். என்னைக் கிளார்க்கம்மா என்று கூப்பிடுவார்.

அவர் கணவர் ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர். இப்போது விடியுமுன் கிளம்பி ஆறு மணி பஸ்ஸில் எல்லை தாண்டிக் கேரளத்துக்குச் சுமை தூக்கப் போவார். அதிகம் பேசமாட்டார். நான் குடியிருந்த வீட்டின் கூரை முதல் மழையில் ஒழுகியபோது, அக்கா சொல்லி அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தகரத்தை மாற்றிப் போட்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார். டீ மட்டும் குடித்தார். என் மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இரண்டாவது பட்ஜெட் நேரம் வந்தது. அக்கா அதற்கு முந்தைய கூட்டத்திலேயே எழுந்து நின்று விளக்கு கேட்டிருந்தார். லைன்களில் இருந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரே பாதை. எஸ்டேட் நடந்த காலத்தில் எஸ்டேட்டே கம்பம் நட்டு விளக்குப் போட்டிருந்தது. மூடியதும் கரண்டை வெட்டிவிட்டார்கள். மரக் கம்பங்கள் உளுத்து விழுந்து அடுப்புக்குப் போய்விட்டன. கவாத்து வெட்ட ஆள் இல்லாமல் தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து, நடுவில் உண்ணிப் புதர் அடைத்து, பாதைக்கு இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றன. அதற்குள் ஆனை நின்றால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறவர்கள். பன்னிரண்டு விளக்கு வேண்டும் என்றார்.

பட்ஜெட் கூட்டத்தில் தலைவர் ஊர் முகப்பில் ஒரு நுழைவு வளைவு கேட்டார். இன்னொரு கவுன்சிலர் சந்தைக்குக் கூரை கேட்டார். செயல் அலுவலர் என்னைப் பார்த்து எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அதுவும் முடிந்தது. வராத வரியை வரவாக வைத்துக்கொண்டால் அதில் எதை வேண்டுமானாலும் அடக்கலாம். நிலுவையில் இன்னும் கொஞ்சம் அதிகமாக வசூலாகும் என்று திருத்தினேன். வளைவும் கூரையும் பன்னிரண்டு விளக்கும் பட்ஜெட்டில் ஏறின. எல்லாரும் கை தூக்கினார்கள். அக்கா வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்களில் கொழுந்துக் கறை கருப்பாக இருந்தது.

“கிளார்க்கம்மா, இதுல எழுதிட்டா நடந்துருமா?”

“பட்ஜெட்ல ஏறிருச்சுங்கக்கா,” என்றேன்.

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறு. அது அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. செயல் அலுவலரின் அறைக் கதவு திறந்திருந்தது. நான் வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லைன் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து பாதை ஓரமாகப் பன்னிரண்டு குழிகளைத் தோண்டிவிட்டார்கள். கம்பம் வந்து இறங்கியதும் நட வசதியாக இருக்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் விழுந்துவிடாமல் இருக்கக் குழிகளின் மேல் பலகையும் கல்லும் வைத்து மூடினார்களாம். இதை அவர் ஆபீசில் வந்து சந்தோஷமாகச் சொன்னபோது செயல் அலுவலர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் பிறந்து புதுக் கணக்கு தொடங்கியது. காகிதத்தில் இருந்த பட்ஜெட்டுக்கும் பீரோவில் இருந்த பணத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி அப்போதுதான் முழுதாகக் கண்ணில் பட்டது. கோடையில் மோட்டார் எரிந்துபோனது. தண்ணீர் இல்லாமல் பஸ் ஸ்டாண்டில் குடங்களோடு பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குக் காயில் கட்டப் பணம் போனது. ஆடி வெள்ளத்தில் ஒரு சிறுபாலம் அடித்துக்கொண்டு போனது. மானியம் பிந்தி வந்தது. வந்ததும் கரண்ட் பில் பாக்கிக்கே சரியாகிவிட்டது. வளைவு வரவில்லை, கூரை வரவில்லை. அவை வராததால் யாரும் சாகவில்லை.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை அக்கா வருவார். விளக்கு பற்றி மனு கொடுப்பார். ‘நிதி நிலைமைக்கேற்ப நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பதில் தயாரிப்பது என் வேலை. அதை என்னிடமே கொடுத்து வாசிக்கச் சொல்வார்.

நிதி நிலைமைக்கேற்ப என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டார். காசு வந்தால் என்று சொன்னேன். எங்கிருந்து வர வேண்டும் என்று கேட்டார். எஸ்டேட்டில் இருந்து வரி பாக்கி வர வேண்டும், நோட்டீஸ் போயிருக்கிறது என்றேன். அது பொய் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே டைப் அடித்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ‘பெறுநர் முகவரியில் இல்லை’ என்று உறை திரும்பி வரும். அதைத் துளையிட்டுக் கோப்பில் கோத்து வைப்பேன். உறைகளைப் பற்றி மட்டும் நான் அவரிடம் சொன்னதில்லை. எஸ்டேட் காசு வரும் என்று கேட்டதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. தங்களை நடுத்தெருவில் விட்டுப் போனவர்கள் காசிலேயே தங்கள் பாதைக்கு வெளிச்சம் வரப்போகிறது என்று நினைத்திருப்பார்.

அந்த வருடம் தை பிறக்கச் சில நாள் இருந்தது. நான் அடுத்த பட்ஜெட்டுக்கான தாள்களில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிகூட ஆகவில்லை. தண்ணீர் திறந்துவிடும் ஆள் மாடிப்படி ஏறி வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கவுன்சிலரம்மா வீட்டுக்காரரை ஆனை அடித்துவிட்டது என்றார்.

பனிமூட்டமான விடியல். மூன்று பேர் சேர்ந்துதான் பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். முன்னால் போன இருவருக்கும் வயது குறைவு. பாதையின் திருப்பத்தைத் தாண்டிவிட்டார்கள். இவர் கையில் இருந்த டார்ச்சில் பேட்டரி இறங்கி, சிவப்பாக எரிந்துகொண்டிருந்ததாம். புதருக்குள் நின்றது வெளியே வந்தது அவருக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர்களால் ஓடத்தான் முடிந்தது.

உடலை மெயின் ரோட்டில் வைத்து மறியல் செய்தார்கள். வனத்துறையினர், தாசில்தார், போலீஸ் எல்லாரும் வந்தார்கள். எங்கள் செயல் அலுவலரும் போனார். நானும் கூடப் போனேன். ஒரு பெரியவர் அவரைப் பார்த்து, பன்னிரண்டு லைட்டும் எங்கே சார் என்று கேட்டார். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. இந்த வருடம் கண்டிப்பாக வந்துவிடும் என்று செயல் அலுவலர் சொன்னார். அக்கா உடலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரோடு ஒட்டி உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது எங்கள் ஆபீசில் தினக்கூலிக்குத் துப்புரவு வேலை பார்த்த பெண். அக்காவுக்கு அடுத்த வீடு. காரியம் முடியும்வரை பதினாறு நாளும் அந்த வீட்டில் உலை வைத்தது அவள்தான்.

மூன்றாம் நாள் நான் லைனுக்குப் போனேன். அந்தப் பாதையில் அதுவரை நடந்ததில்லை. குழிகளை எண்ணாமல் போக நினைத்தும் எண்ணிவிட்டேன். சிலவற்றின் மேல் பலகை இல்லை. உள்ளே மழைத் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருந்தது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பத்தாவது படிக்கும் மகள் மடியில் படுத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கணவர் இறந்தபோது வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனவர்களைத்தான் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நானும் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அக்கா ஆபீசுக்கு வந்தார். செயல் அலுவலர் ஊட்டிக்கு மீட்டிங் போயிருந்தார். என் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

“கிளார்க்கம்மா, ஒண்ணு கேக்குறேன். உள்ளத சொல்லுங்க. அந்த எஸ்டேட்டு காசு வந்திருக்குமா?”

நான் எழுந்துபோய்க் கோப்பை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்துத் திருப்பினேன். திரும்பி வந்த உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

“வராதுங்கக்கா. எனக்குத் தெரியும். எழுதும்போதே தெரியும்.”

“தெரிஞ்சேதான் எழுதினீங்களா?”

“ஆமாங்கக்கா. துண்டு விழக்கூடாதுன்னு எழுதினேன்.”

அவர் உறைகளைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். கடைசியில் தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. அந்த மனுசன் பேட்டரி வாங்கணும், பெரிய டார்ச்சு வாங்கணும்னு ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான்தான் வேணாம்னேன். லைட்டு வரப்போகுது, காச வீணாக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன்.”

அதற்குப் பிறகு நான் எவ்வளவோ பட்ஜெட்டுகளைத் தயாரித்துவிட்டேன். ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்த டார்ச் என்னை இன்றுவரை விடவில்லை. அன்று மன்னிச்சுக்கங்க அக்கா என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்பதுகூடத் தெரியாது. எழுந்து நின்று, இந்த வருடமாவது அந்தக் கணக்கை உள்ளபடி எழுதச் சொன்னார். சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

எழுதினேன். எஸ்டேட் நிலுவைக்கு எதிரே மூன்றாவது பத்தியில் ஒரு சுழியம் போட்டேன். செயல் அலுவலர் தாளை வாங்கி அந்த வரியில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என் தகுதிகாண் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

“நீங்க எழுதிப்போட்டீங்க. இத வச்சா எங்க வெட்டறதுன்னு பாத்தீங்களா?”

பார்த்திருந்தேன். அவருக்கும் தெரியும். சம்பளத்தில் கை வைக்க முடியாது, கரண்ட் பில்லில் கை வைக்க முடியாது, மோட்டாரில் வைக்க முடியாது. மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான். அவர் மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு, மன்றமே முடிவு பண்ணட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ரோட்டில் அந்தப் பெரியவர் கேட்டது அவரையும் விட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

வழக்கமாக அரைமணியில் முடிகிற பட்ஜெட் கூட்டம் அன்று மதியச் சாப்பாட்டையும் தாண்டிப் போனது. முதல் தடவையாக ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொன்னார்கள். நுழைவு வளைவு போனது. தலைவர் முகம் இறுகிவிட்டது, ஆனால் அக்காவை எதிரில் வைத்துக்கொண்டு அவரால் பேச முடியவில்லை. சந்தைக் கூரை போனது. இரண்டு சிமெண்ட் ரோடு போனது. அப்போதும் துண்டு விழுந்தது. விளக்குகளை எடுத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. எட்டாகக் குறைத்தார்கள், ஆறாகக் குறைத்தார்கள். ஆனையை அடிக்கடி பார்க்கிற நாலு திருப்பங்களுக்கு மட்டும் போதும் என்று அக்காவே சொன்னார். அப்படியும் சரிவரவில்லை. கடைசியில் செயல் அலுவலர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தினக்கூலித் துப்புரவு ஆட்கள் ஐந்து பேரில் இரண்டு பேரை நிறுத்தினால் கணக்கு நிற்கும். கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் போக வேண்டும்.

கடைசியாகச் சேர்ந்த இருவரில் ஒருத்தி அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண்.

அக்கா என்னைப் பார்த்தார். வெட்ட வேறு ஏதாவது செலவு இருக்கிறதா என்று அந்தப் பார்வை கேட்டது. தாளை நான் ஏற்கனவே பலமுறை தேடிவிட்டேன். இல்லை என்று தலையசைத்தேன். தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். அவர் கை எல்லாருக்கும் பிறகு, மெதுவாக மேலே வந்தது. ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன்.

அந்தப் பெண்ணுக்குக் கடைசிக் கூலியை நான்தான் கொடுத்தேன். கைநாட்டு வைத்துவிட்டு, யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டாள். மன்றம் என்றேன். அக்காவும் கை தூக்கினாரா என்று கேட்டாள். இந்த முறை நான் மறைக்கவில்லை. ஆமாம் என்றேன். உண்மையைச் சொன்னேன் என்ற நிம்மதிகூட எனக்குக் கிடைக்கவில்லை. அவள் முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வைகாசியில் நாலு கம்பங்கள் வந்தன. நாலு குழிகளைச் சுத்தம் செய்து நட்டார்கள். மீதி எட்டையும் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். விளக்கு எரிந்த முதல் நாள் பிள்ளைகள் அதன் கீழே நின்று விளையாடியதாகக் கேள்விப்பட்டேன். ஆனால் லைனில் பேச்சு வேறுவிதமாகப் போனது. புருஷன் செத்ததற்கு நாலு லைட்டு வாங்கிக்கொண்டாள், பக்கத்து வீட்டுக்காரி சோற்றில் மண்ணைப் போட்டாள் என்று சொன்னார்களாம். வனத்துறை கொடுத்த இழப்பீட்டைப் பற்றியும் ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு அந்த இரண்டு பெண்களும் பேசுவதில்லை என்று தெரிந்தது. அக்கா கூட்டத்துக்கு வந்தார், கையெழுத்துப் போட்டார், போனார். மனு எதுவும் கொடுக்கவில்லை.

அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. மகள் பன்னிரண்டாவது முடித்ததும் இருவரும் திருப்பூருக்குப் போவதாக முடிவு செய்தார்கள். அங்கே பனியன் கம்பெனியில் வேலை இருப்பதாகத் தூரத்துச் சொந்தம் சொல்லியிருந்தது. ரேஷன் கார்டை மாற்ற ஒரு சான்று வாங்குவதற்காக ஆபீசுக்கு வந்தார். தாசில்தார் ஆபீசுக்கு எழுத வேண்டியதை நான் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாலு விளக்கும் எரிகிறதா என்று கேட்டார். அங்கேயே குடியிருந்தவர்தான், அவருக்குத் தெரியாதா. என் வாயால் கேட்க நினைத்திருப்பார்.

“மூணுதான் எரியுதுங்கக்கா. ஒண்ணுல பல்பு போயிருச்சு. இந்த மாசம் காசு இல்ல.”

சரி என்று தலையாட்டினார். என் மகளைப் பற்றி விசாரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். மேலே ஜன்னலில் இருந்து பார்த்தேன். மகள் பெட்டிகளோடு பஸ் ஸ்டாண்டில் நின்றாள். லைனில் இருந்து யாரும் வழியனுப்ப வந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எப்போதும் உள்ளபடியே எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. செயல் அலுவலர் ஓய்வு பெற்றுப் போனார். என் தகுதிகாண் அறிக்கையில் நல்லபடியாகவே எழுதிவிட்டுப் போனார். அடுத்து வந்தவர், நிலுவையை வரவில் காட்டாமல் பட்ஜெட் போடும் ஊர் எது என்று என்னிடம் கேட்டார். மேலாபீசும் அதைத்தான் கேட்டது. இரண்டு வருடம் நின்று பார்த்தேன். மூன்றாம் வருடம் கொஞ்சம் வசூலாகும் என்று எழுதினேன். கூடவே ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். பட்ஜெட்டில் ஏறிய வேலையைப் பற்றி யார் வந்து கேட்டாலும், அதற்குப் பணம் இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லி அனுப்புவேன். அதற்காக ஒரு தலைவரிடம் திட்டு வாங்கினேன், ஒருமுறை இடமாற்றமும் வாங்கினேன். ஊட்டி தாண்டி வேறொரு பேரூராட்சிக்குப் போட்டார்கள்.

அப்படி இடமாற்றத்தில் கிளம்புவதற்கு முந்தைய வருடம் மானியத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். நிறுத்தப்பட்ட இரண்டு பேரையும் திரும்ப எடுக்க முடிந்தது. அந்தப் பெண் வந்தாள். இடைப்பட்ட காலத்தில் டீக்கடையில் பாத்திரம் கழுவி, விறகு சுமந்து, ஆள் பாதியாக இருந்தாள். வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். என்ன என்று கேட்டேன்.

“அக்கா அட்ரஸ் ஏதும் உங்ககிட்ட இருக்குங்களா?”

பழைய கோப்பைத் தேடிப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் இருந்தது. அதில் திருப்பூர் என்று மட்டும் இருந்தது. தெருவும் இல்லை, வீட்டு நம்பரும் இல்லை. அதைச் சொன்னேன்.  அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் இறங்கிப் போனாள்.